மாதா பீடத்து மஞ்சள் பை

அத்தியாயம் பதினேழு

வீட்டையே காலி செய்துவிடலாம், பெரிய பாடு இல்லை. ஒரே ஒரு அறையைக் காலி செய்வது இருக்கிறதே, அதுதான் உயிரை எடுக்கும். கிளாடிஸைக் கேளுங்கள், சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள். இரண்டு நாளாக அவள் வேறு பேச்சே பேசவில்லை.

போன வாரம் தோணி கிளம்புகிற பரபரப்பில் அவளை விட்டுவிட்டு வந்தோம். அவள் புருஷன் ரெக்சன் தண்டல். கப்பலில் கேப்டன் என்றால் தோணியில் தண்டல், அவ்வளவுதான் வித்தியாசம். சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போயிருக்கிறான். அதே தோணியில் இன்ஜின் டிரைவர் ஜாய்சன், ரெக்சனின் தங்கை ஸ்டெபியைக் கட்டியவன். ஆண்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை விடியலில் போய்விட்டார்கள். நிறைமாதக்காரி ஸ்டெபி இன்று, புதன்கிழமை, மணப்பாட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். தாய்வீடு என்று பெயர், தாய் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. தாய் செய்யவேண்டியது எல்லாம் இப்போது அண்ணன் பெண்டாட்டி, மைனி கிளாடிஸ் தலையில்.

தோணி கிளம்பியதற்கு முந்தின ராத்திரி நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கடலில் ஆபத்து என்றால் வானத்தில் சிவப்பு வெளிச்சம் காட்டுவதற்குக் குழாய்கள் உண்டு. ராக்கெட் போல மேலே போவது ஒரு ரகம், கையில் பிடித்து எரிப்பது இன்னொரு ரகம். இரண்டுக்கும் சேர்த்து சிக்னல் என்று பேர். மாமனார் மனுவேல், மகன் ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும் அந்த சிக்னல் பையை வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்து, தீர்த்தம் தெளித்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் படுப்பார். விடிந்ததும் தன் கையாலேயே எடுத்து மகன் கையில் கொடுப்பார். வெடிமருந்து அடைத்த குழாய், அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் எரிகிற திரி! தண்ணீர் குடிக்க எழுந்த கிளாடிஸ் பதறிப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு உள்அறைக்கு ஓடினாள். அதோடு அந்த வாரம் முடிந்தது. நல்ல காரியம் செய்தாள் என்று வாசகிகள் சிலர் எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனி இந்த வாரத்துக்கு வருவோம்.

உள்அறை என்று பெயர்தான். முப்பது வருஷமாக அது அந்த வீட்டின் வயிறு. என்ன செய்வதென்று தெரியாத சாமான் எல்லாம் அதற்குள் போகும், ஒன்றும் வெளியே வராது. லூர்தம்மாள்புரத்துச் சின்ன வீட்டில் பிள்ளைபெற்றவளைப் படுக்கவைக்க அதை விட்டால் வேறு இடமும் கிடையாது.

பள்ளிக்கூட ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு கிளாடிஸ் உள்ளே போனாள். தோணிக்கு அடிக்கிற பெயின்ட், பாதி டின்னும் கால் டின்னுமாக, மேலே ஆடை கட்டி இறுகிக் கிடந்தது. துருப்பிடித்த மூடியோடு தின்னர். பால் போல வெள்ளையாக எதையோ கக்கிவிட்டு ஊதிப்போன டார்ச் பாட்டரிகள். டியூப்லைட்டுகள், அதில் ஒன்று உடைந்தது. எலி மருந்து. செத்துப்போன மாமியாரின் சர்க்கரை மாத்திரை, அவள் ஊசிகள்கூட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அப்படியே இருந்தன. இதெல்லாம் விஷம் என்று தெரிந்துதான் உள்ளே வைத்தார்கள். தூரப் போட பயம், அதனால் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். நம் எல்லார் வீட்டிலும் இதுதானே நடக்கிறது, கிளாடிஸை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை.

அறையின் மூலையில் இரும்புப் பெட்டி. அதுதான் கிளாடிஸுக்குப் பெரிய தலைவலி. சிக்னலுக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டியதைத் தோணியில் வைத்திருந்தால் சோதனைக்கு வருகிறவர்கள் திட்டுவார்கள். துறைமுகத்தில் போடக் கூடாது. நடுக்கடலில் போட்டுவிடுகிறேன் என்று ரெக்சன் சொல்லுவான், போடமாட்டான், மறந்துவிடுவான். அதனால் ஒவ்வொரு தடவை புது செட் வாங்கும்போதும் பழைய செட் வீட்டுக்கு வந்துவிடும். பெட்டிக்குள் அப்படி நாலு தலைமுறை கிடந்தது. மேலாக ஒரு மஞ்சள் பை. போன வாரம் ரெக்சன் கொண்டுவந்து போட்ட கடைசி செட் அது என்று கிளாடிஸ் நினைத்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்ததும் பழைய பட்டாசு வாடை அடித்தது.

பச்சைப்பிள்ளை படுக்கிற அறையில் இது இருக்கக் கூடாது. சாயங்காலம் ஸ்டெபி வாசலில் வந்து இறங்குவதற்குள் இது வீட்டைவிட்டுப் போகவேண்டும். இன்றைய நாளில் அவளுக்கு வேறு லட்சியம் ஒன்றும் இல்லை.

குப்பை வண்டி விசில் கேட்டது. வண்டிக்காரி சுடலைச்செல்வி வாசலில் நின்று மூட்டைகளைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். மக்குவது, மக்காதது என்று பிரிக்கத் தெரு இப்போதுதான் பழகியிருக்கிறது. மூன்றாவதாக அபாயக் குப்பை என்று ஒன்று உண்டு, அது யாருக்கும் பழகவில்லை. கிளாடிஸ் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டியிருந்தாள். அவிழ்த்துப் பிரித்துக் கட்டித் தந்தால்தான் எடுப்பேன் என்றாள் சுடலைச்செல்வி. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு பேருமாகப் பிரித்தார்கள். பாட்டரி ஒரு பையில், மாத்திரை ஒரு பையில், டியூப்லைட் தினசரித் தாளில் சுற்றி. ஊசிப் பாட்டிலின் மூடியை டேப் ஒட்டி இறுக்கித் தனியாக வாங்கிக்கொண்டாள். பெயின்ட்டையும் தின்னரையும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினாள். கடைசியாக இரும்புப் பெட்டியைக் காட்டியபோது வண்டியைக் கிளப்பவே போய்விட்டாள்.

"இத மட்டும் சொல்லாதிய அக்கா. எங்கூட வேலை பாக்கிற பிள்ள, யாரோ போட்ட சென்ட் டப்பா லாரியில அமுக்கும்போது வெடிச்சு ஒரு வாரம் காது கேக்காம கிடந்தா. நீங்க ராக்கெட்டுங்கிய. எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு."

கிளாடிஸ் பெட்டியை இழுத்துத் திரும்ப உள்ளே விட்டாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனுவேல் இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுக்கொண்டு என்றுதான் சொல்லவேண்டும், அவருக்குப் பார்வை சரியில்லை. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் மாமா என்று கிளாடிஸ் கெஞ்சிக் கேட்டு, திட்டிக் கேட்டு, அழுதும் கேட்டாகிவிட்டது. கண்ணில் கத்தி வைக்க நான் என்ன சீலா மீனா என்பார். நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷன், ஒரு ஊசிக்குப் பயம். அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

கடலில் கொண்டுபோய்ப் போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றார் அவர். கடலில் போட்டது கரைக்கு வராதா என்று கேட்டாள் கிளாடிஸ். வரும்தான். சங்கு பொறுக்கப் போகிற பிள்ளைகள் கையில் கிடைக்கும்தான். அது அவருக்கும் தெரிந்திருந்ததால் பேச்சை மாற்றினார். எதிர்வீட்டுக்காரர் அந்தப் பக்கமாக வந்தவர், மாதா கோவில் திருவிழாவுக்கு மேலே விட்டுவிடலாமே, வாணவேடிக்கை போல அழகாக இருக்கும் என்றார். மனுவேலுக்கு முகம் மாறிவிட்டது.

"அது வெளையாட்டுச் சாமான் இல்லவே. ஒரு கிறிஸ்மசுக்கு இந்தத் தெருப் பயலுவ விட்டானுவ. செவப்பு வெளிச்சத்தப் பாத்து ரெண்டு வள்ளம் வலைய அறுத்துப் போட்டுட்டு ஓடியாந்துச்சு, எவனோ சாவுதாம்னு. செவப்பு மேல போச்சுன்னா ஒரு மனுசன் கூப்பிடுதான்னு அர்த்தம்."

எதிர்வீட்டுக்காரர் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டார்.

பிறகு கிளாடிஸ் போனை எடுத்தாள். அந்தக் கதையை முழுக்க எழுதினால் இந்த இதழ் போதாது. ஓர் ஆபீஸில், நாங்கள் வந்து எடுத்தால் வெடிபொருள் வழக்கு என்று எழுதவேண்டி வரும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னோர் ஆபீஸில், தீப்பிடித்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அன்பாகச் சொன்னார்கள். மூன்றாவது ஆபீஸ் முதல் ஆபீஸின் நம்பரைக் கொடுத்தது. இப்படி மாற்றி மாற்றிக் கேட்டதில் பதினொரு மணி வெயில் வந்துவிட்டது, அவள் காலையில் ஊற்றிவைத்த காப்பி குசினி அடுப்பு மேடையில் ஆறிப்போய் ஈ மொய்த்துக் கிடந்தது. சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஸ்டெபி வேறு நடுவில் கூப்பிட்டு, ஏரலில் இருக்கிற சின்னம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகவும் ஐந்து மணி ஆகும் என்றும் சொன்னாள். அந்தச் சின்னம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டாள் கிளாடிஸ்.

விற்றவனையே கேட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

பீச் ரோட்டில் பொன்னுதுரை அண்ணாச்சி கடை. கயிறு, பெயின்ட், லைஃப் ஜாக்கெட், சிக்னல், கப்பலுக்கும் தோணிக்கும் வேண்டிய அத்தனையும் அங்கே உண்டு. பெட்டியில் இருந்ததை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மாற்றி, மேலே நனைத்த சாக்கைப் போட்டு மூடி, ஆட்டோ பிடித்தாள். வாளியில் என்ன என்று டிரைவர் கேட்டார். கோவிலுக்குத் திரி என்று சொல்லிவிட்டாள். பொய்தான். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ குதிக்கும்போது மாதாவே மாதாவே என்று அவள் முனகியதைக் கேட்டு, நல்ல பக்தியான பொம்பளை என்று டிரைவர் நினைத்திருக்கவேண்டும்.

வாளியைப் பார்த்ததும் அண்ணாச்சி என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் முடியாது என்று தலையாட்டினார். விற்றதைத் திரும்ப எடுக்க நான் என்ன ஜவுளிக்கடையா வைத்திருக்கிறேன் என்றார். நாளைக்கு ஊரே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், இந்த ஊரில் எத்தனை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இது கிடக்கிறதோ யாருக்குத் தெரியும்.

கிளாடிஸ் சண்டை போடவில்லை. சண்டை போடத் தெம்பு வேண்டாமா? கயிற்றுச் சுருள் ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இத வீட்டுக்குக் கொண்டு போகமாட்டேன் அண்ணாச்சி. பிள்ளத்தாச்சி வாரா. இங்கனயே இருக்கேன். கடை அடைக்கையில என்னையும் உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போங்க."

அண்ணாச்சி உள்ளே திரும்பி ஒரு டீ சொன்னார். தயாரிக்கிற கம்பெனியின் வண்டி எப்போதாவது சரக்கு இறக்க வரும், அவர்களிடம் பேசித் திருப்பி அனுப்பப் பார்க்கிறேன், அதுவரை பின்னால் தனியாக ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே கிடக்கட்டும் என்றார். இவ்வளவுதான் விஷயம். ஒரு மனுஷன் சரி என்று சொல்வதற்கு ஒரு நாளில் பாதி போயிருந்தது. கிளாடிஸுக்கு அழுகை வந்தது, டீயைக் குடித்து அதை உள்ளே தள்ளினாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சூடாகக் குடித்த டீ அது.

அண்ணாச்சி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தேதி பார்த்து, மரப்பெட்டியில் அடுக்கினார். சிலது துருப்பிடித்திருந்தது, சிலதில் எழுத்தே அழிந்திருந்தது. கடைசியாக மஞ்சள் பை. அவர் கடைப் பைதான். உள்ளே இருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, இத என்னத்துக்குக் கொண்டாந்த?"

பழைய செட், போன வாரம் எங்க வீட்டுக்காரர் மாற்றினாரே, அது என்றாள் கிளாடிஸ்.

"இது பழசு இல்லம்மா. போன வாரம் நான் வித்ததுல்லா. சீலுகூட ஒடைக்கல. இன்னும் மூணு வருசம் கிடக்கு, பாரு." தேதி இருந்த பக்கத்தை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். "அப்போ ரெக்சன் எதைக் கொண்டு போயிருக்கான்?"

கிளாடிஸுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஏறியது.

தோணி கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ரெக்சன் இரண்டு கையிலும் இரண்டு மஞ்சள் பையோடு வந்தான். தோணியில் விட்டுவைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது எடுத்துவிடுவார்கள் என்று புதுசையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். புதுசை அப்பா கையில் கொடுத்தான், அவர் அதை பீடத்தில் வைத்தார். பழசை, காலையில் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று பீடத்து மேசைக்கு அடியிலேயே காலால் தள்ளிவிட்டான். ராத்திரி எழுந்தவள் மேலே இருந்ததை மட்டும் தூக்கிக்கொண்டுபோய் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கீழே இருந்ததைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லை. காலையில் மாமாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் கட்டுச்சோறு, காப்பி, ஸ்டெபியின் போன், ஜாய்சனுக்கு மறந்துபோன மாத்திரை. சொல்லவில்லை. பீடத்தில் பையைக் காணாத மாமா கையால் தடவிக் கீழே பார்த்திருக்கிறார். மஞ்சள் பை ஒன்று அகப்பட்டது. மகன் கையில் கொடுத்தார். அப்பா கையால் வாங்கியதைத் திறந்து பார்க்கிற பழக்கம் ரெக்சனுக்குக் கிடையாது. மஞ்சள் பையோடு அவன் படி இறங்கியதைக் குசினியிலிருந்து பார்த்து, மாமா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார் போல என்று இவள் நிம்மதியாக இருந்தாள்.

மாமா மாற்றவில்லை. ரெக்சன் மாற்றவில்லை. மாற்றியது அவள்.

"பழசு எரியாதா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

எரியாது என்று சொல்லமாட்டேன், எரியும் என்றும் சொல்லமாட்டேன், அது அந்த மருந்தின் இஷ்டம் என்றார் அண்ணாச்சி. யாராவது பின்னால் போகிற தோணியில் இதைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். அவர் செல்போனை அவள் பக்கம் திருப்பினார். தெற்கே காற்றழுத்தத் தாழ்வு. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியாகிவிட்டது. கூண்டு இறங்குகிறவரை ஒரு தோணியும் கிளம்பாது. ரெக்சனும் ஜாய்சனும் மாலே போய்ச் சேர இன்னும் இரண்டு நாள் ஆகும். அவர்கள் செல்போன் திங்கட்கிழமை மத்தியானத்தோடு செத்துவிட்டது.

அண்ணாச்சி கடையிலிருந்தே தோணி முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, துறைமுக வயர்லெஸ்ஸில் சொல்லிவைக்கிறேன், அந்தப் பக்கம் போகிற கப்பல் ஏதாவது தோணியைப் பார்த்தால் தகவல் போகும் என்றார். யாரம்மா மாற்றிவைத்தது என்று கேட்டார். செட் மாறிப்போச்சு என்று மட்டும் சொன்னாள். மாறிப்போச்சு. தானாக மாறிப்போன மாதிரி.

புது செட்டை அண்ணாச்சி திரும்ப அவளிடமே கொடுத்தார். கூண்டு இறங்கியதும் முதல் தோணியில் அனுப்பலாம், பத்திரமாக வைத்துக்கொள் என்றார். காலையிலிருந்து அவ்வளவு பாடுபட்டு வெளியேற்றியதில் உண்மையான மருந்து உள்ளது எதுவோ, அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பினாள். இந்தத் தடவை பள்ளங்கள் அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்டெபி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். காலி செய்து, டெட்டால் போட்டுத் துடைத்த உள்அறைக் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, முகம் பூரித்து, பார்க்கவே கண் நிறைந்தது. கிளாடிஸ் மஞ்சள் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தொட்டாள். அறை நல்லாயிருக்கு மைனி, வாடையே இல்லை என்றாள் ஸ்டெபி. கிளாடிஸ் குசினிக்குப் போகத் திரும்பியபோது ஸ்டெபி பையைப் பார்த்துவிட்டாள்.

"சிக்னலா அது? அப்பா இன்னும் இதையெல்லாம் சேத்துத்தான் வச்சிருக்காவளா?" என்று சிரித்தவள் புருஷன் பேச்சை எடுத்தாள். "அவிய போவும்போது என்ன சொன்னாவ தெரியுமா மைனி? காத்து மழைன்னு நியூஸ்ல கேட்டா பயந்துராத, இந்தத் தடவ அண்ணங்கிட்ட புது சிக்னலு இருக்கு, பொத்தான் மாதிரி ஒரு இழு இழுத்தா ஊரே பாக்கும்னு. அதான் கூண்டு ஏத்திட்டாவன்னு கேட்டும் நான் தைரியமா இருக்கேன்."

கிளாடிஸ் தலையை ஆட்டினாள். சிரித்ததுகூட உண்டு. எப்படிச் சிரித்தாள் என்று எனக்கே தெரியவில்லை.

குசினியில் வைத்து, கதவை ஒருக்களித்துவிட்டு, மாமனாரிடம் மெதுவாகச் சொன்னாள். இங்கே இருக்கிறதுதான் புதுசு, அவர்கள் கொண்டுபோனது பழசு என்று சொன்னாள். யார் மாற்றியது என்பதையும் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மனுவேல் பையை வாங்கி, குழாயை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். தேதி அவருக்குத் தெரியவில்லை.

மெல்ல உட்கார்ந்தார். அந்தக் கிழவர் உட்கார்ந்த விதத்தைப் பார்க்க கிளாடிஸுக்குப் பொறுக்கவில்லை.

"நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன்" என்றார். "தடவித்தான் எடுத்தேன். பீடத்துல வச்சது கீழ எப்படிப் போச்சுன்னு ஒரு நிமிசம் நெனச்சேன், அதுக்குள்ள அவன் நேரமாச்சுன்னுட்டான். நீ எத்தன தடவ சொன்ன, கண்ணக் காட்டுங்க மாமான்னு. நாளைக்கே கூட்டிட்டுப் போ. அறுத்துப் போடச் சொல்லு. எம்புள்ளையையும் மருமவனையும் நானே வெறுங்கையோட அனுப்பிட்டனே."

இல்லை மாமா, நான் என்று தொடங்கினாள். உள்ளேயிருந்து ஸ்டெபி தண்ணீர் கேட்டாள். கிளாடிஸ் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவர் எழுந்துவிட்டிருந்தார். சொல்ல நேரம் இருந்தது. நேரம் இல்லை என்று நான் அவளுக்காகப் பொய் சொல்லமாட்டேன். அவள் ரொம்பக் களைத்திருந்தாள், பயந்தும் இருந்தாள். அவர் தன் தலையில் போட்டுக்கொண்டதை ஒரு ராத்திரிக்காவது அவர் தலையிலேயே விட்டுவைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மனசு அப்படியெல்லாம் யோசிக்கும். அதற்குக் கெட்டவளாக இருக்கவேண்டும் என்பதில்லை.

ஸ்டெபிக்குத் தெரியவேண்டாம் என்றார் மனுவேல் காதோடு. சரி என்றாள்.

ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்தது. வீட்டில் ஜெபம். ஸ்டெபி உள்அறையிலிருந்தே பதில் சொல்லுகிறேன் என்றாள், எழுந்து வர முடியவில்லை. வெளியே காற்று கிளம்பியிருந்தது, மேலவீட்டுத் தகரம் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. மனுவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு வந்தார். மஞ்சள் பையை எடுத்து மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தார். தீர்த்தம் தெளித்தார். தடவித் தீப்பெட்டியை எடுத்து, இரண்டு குச்சி வீணாகி, மூன்றாவதில் மெழுகுதிரியை ஏற்றினார். பிறகு முழங்காலிட்டுக் கண்ணை மூடினார்.

கிளாடிஸ் அவருக்குப் பின்னால் முழங்காலில் இருந்தாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. திரியின் சுடர் சாய்ந்து பையின் பக்கம் போனது, நிமிர்ந்தது, மறுபடி போனது. சுவருக்கு அந்தப் பக்கம் நிறைமாதக்காரி படுத்திருக்கிறாள்.

பையை எடுக்கவேண்டும். எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். எடுக்காமல் இருக்க அவளால் முடியாது.

அருள் நிறைந்த மரியே என்று உள்ளிருந்து ஸ்டெபியின் குரல் தொடங்கியது. கிளாடிஸ் எழுந்து, சத்தமில்லாமல் பீடத்துக்குப் போய், இரண்டு கையாலும் பையைத் தூக்கினாள்.

மனுவேல் கண்ணைத் திறந்தார். தேதி படிக்க முடியாத கண்தான். ஆனாலும் எரிகிற திரிக்கு முன்னால் ஓர் உருவம் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பது அதற்கு நன்றாகவே தெரிந்தது. ஜெபத்தை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏளா கிளாடிசு" என்றார் மெதுவாக. "அன்னைக்கும் இங்கன இருந்து எடுத்தது நீயா?"